நடுத்துண்டுப் புல்

விடை கடைசியில் இருக்கிறது. முதலில் அங்கே ஓடிப் பார்த்துவிட்டு, "இதுகூடத் தெரியாதா?" என்று திரும்பி வருகிறவர்கள் இப்போதே கிளம்பலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தேவையான எதையும் ஒளிக்க மாட்டேன். நீங்கள் கவனிக்காமல் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தாம்பரம் தாண்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுவே நீளமாக ஒரு புல்வெளி. கேட் அருகே ஒரு துண்டு; எல்லா பால்கனியும் பார்க்கிற மாதிரி நடுத்துண்டு; ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத கடைசித் துண்டு. மூன்றையும் வெட்டிப் பராமரித்தவள் கன்னியம்மா. புருஷன் இல்லை. ஷெட்டை ஒட்டிய அறையில் மகளோடு இருந்தாள். பின்சுவரைத் தாண்டினால் மகளின் பள்ளிக்கூடம். வேலை இருக்கும்வரை அறை உண்டு என்பது பேச்சு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. போர்வெல் வற்றிவிட்டது, டேங்கர் லாரிதான் கதி. வந்த தண்ணீரும் கடின நீர். குளித்தால் தலைமுடி சிக்குப் பிடித்தது, குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்தது. அதை யார் குடிப்பார்கள்? வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. ஃபில்டர் ஓடியது.

செக்ரட்டரி தணிகாசலம் போர்டில் எழுதிப் போட்டார்: தோட்டத்துக்கு ஒரு சொட்டு டேங்கர் தண்ணீர் கிடையாது. புல் பழுத்து, வைக்கோலாகிப் படுத்துவிட்டது. வெட்டும் மெஷின் மூலையில் கிடந்தது.

"வெட்டப் புல்லே இல்ல, வெட்ட ஆள் எதுக்கு?" என்றார் தணிகாசலம். "கல்லு பதிச்சிட்டா நாலு கார் நிக்கும்."

"செத்துப் போவல சார், படுத்துருக்கு. மழை வந்தா எந்திரிச்சிக்கும்."

"எந்திரிக்கலேன்னா?"

கன்னியம்மா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"நானே காலி பண்ணிக்கினு போயிடறேன் சார்."

மழை வரட்டும், பார்ப்போம் என்று முடிவானது. தணிகாசலம் சொன்ன சொல் மாறாதவர். அவரிடம் சகிக்க முடியாத குணமே அதுதான்.

இரண்டாம் மாடி ரெஜினா டீச்சர் தங்கமான மனசுக்காரர். ரிட்டயர் ஆனவர், மூட்டு வலி வேறு. தன் வீட்டு ஃபில்டர் ஒரு குடம் குடிநீர் தருவதற்குள் இரண்டு மூன்று குடம் வெளியே தள்ளுவதைப் பார்த்தார். சாக்கடைக்குப் போகிற தண்ணீர்தானே? செக்ரட்டரி போர்டிலும் இதற்குத் தடையில்லை. வாளியில் பிடித்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கி, நடுத்துண்டில் ஊற்றினார். மற்ற வீடுகளையும் விடவில்லை.

"கொட்டுறதை அந்தப் பொண்ணுக்குக் குடுங்கம்மா, புண்ணியமாப் போகும்!"

கோடை முழுக்க நாள் தவறாமல் வாளிகள் இறங்கின. நடுத்துண்டு எப்போதும் ஈரம். ஈரம் காய்ந்த ஓரமெல்லாம் மாவு சிந்தியதுபோல் வெளுத்தது. எந்த வீட்டுக் கோலமாவோ என்று டீச்சர் பெருக்கச் சொன்னார். ஒருநாள் தெருநாய் ஒன்று நாக்குத் தள்ள ஓடிவந்து வாளியை நக்கியது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"போதுமா கன்னியம்மா, இன்னொரு வாளி கொண்டாரவா?"

"நீங்க மகராசியா இருக்கணும் டீச்சர்."

கன்னியம்மா மட்டும் உத்தமியா? லாரிக்காரன் ஹோஸைக் கழற்றும்போது வழிகிற தண்ணீரைக் காலால் வாய்க்கால் கீறி, கேட் துண்டுக்குத் திருப்பிவிட்டாள். இரண்டு முறை செய்தாள். மூன்றாம் முறை தணிகாசலம் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் "திருடி" என்றார். மகளும் அங்கே நின்றிருந்தாள். அதோடு அதுவும் நின்றது.

கடைசித் துண்டுக்கு யாரும் எதுவும் தரவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. பிய்த்துக்கொண்டு கொட்டியது. கேட் துண்டு பச்சை கட்டியது. ஷெட்டுக்குப் பின்னால் நாதியற்றுக் கிடந்த துண்டு கணுக்கால் மறைய எழுந்து நின்றது. நடுத்துண்டு? மண். ஒரு முளை இல்லை.

"மூணுல ரெண்டு வந்துருச்சே சார்."

"ஜனங்க பாக்குறது நடுவுலதான்."

டீச்சர் மூச்சிரைக்க இறங்கி வந்து அவளுக்காகச் சண்டை போட்டார். "நானே தினமும் ஊத்தினேன் சார். அவ கண்ணு மாதிரி பாத்துக்கிட்டா."

தணிகாசலம் அதையே பிடித்துக்கொண்டார். "தண்ணியே காட்டாத இடத்துல வந்திருக்கு. இவ்வளவு ஊத்தின இடத்துல வரல. அப்ப இவளுக்கு வளக்கத் தெரியலன்னுதானே அர்த்தம்?"

சொன்னபடி கன்னியம்மாவும் மகளும் அறையைக் காலி செய்தார்கள். தட்டுமுட்டுச் சாமானை ஆட்டோவில் ஏற்றினார்கள். போன இடத்திலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தூரம். சில நாள் வந்த பெண் அப்புறம் வரவில்லை. இப்போது ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள்.

இப்போது கேள்வி. ஒருவர் தண்ணீரை மறுத்தார். ஒருத்தி திருடினாள். ஒருவர் வாரி வாரிக் கொடுத்தார். நடுத்துண்டைக் கொன்றது யார்?

விடை: வாரிக் கொடுத்தவர். நல்ல தண்ணீரை நம் குடத்துக்குக் கொடுத்துவிட்டு, ஃபில்டர் வெளியே தள்ளுவது அந்தக் கடின நீரின் மொத்த உப்பையும். மழையே இல்லாத மண்ணில் மாதக்கணக்கில் அதை ஊற்றினால் வேர் வெந்துவிடும். வெளுத்துக் கிடந்தது கோலமாவு அல்ல. நாய்க்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. நல்லெண்ணத்துக்கு மார்க் போடும் கான்வென்ட்டில் நானும்தான் படித்தேன். புல் அங்கே படிக்கவில்லை. மறுத்தவர் மட்டும் யோக்கியரா என்று கேட்காதீர்கள், கேள்வி அதுவல்ல. டீச்சரிடம் இதைச் சொல்ல இங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கல் பதித்தபோது நடுவில் ஒரு குழி விடச் சொல்லி, கன்னியம்மா ஞாபகமாக டீச்சர் மகிழங்கன்று ஒன்று நட்டிருக்கிறார். தினமும் ஒரு வாளி இறங்குகிறது. இலை நுனிகள் இப்போதே கருக ஆரம்பித்துவிட்டன.