நூறு வாட் வாத்தியார்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. தோளோடு தோள் இடித்தால் பரவாயில்லை. இந்தக் கதையை அப்படித்தான் கேட்க வேண்டும்.

"அம்மா, நான் தண்டச்சோறு" என்றார் வாத்தியார்.

அங்காயி அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. கணக்குச் சொல்லுது."

"என்ன சொல்லுதாம்? நானும் கேட்கறேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார், வகுப்பில் நிற்பதுபோல்.

"ஒரு எந்திரத்துக்குள்ள எவ்வளவு ஆற்றல் போடுறோம், அதுல எவ்வளவு வேலையா வெளிய வருது. அதுக்குப் பேரு பயனுறுதிறன். முப்பத்து நாலு வருஷம் இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்குள்ள மூணு வேளை போகுது. என்கிட்டேர்ந்து வெளிய என்ன வருது?"

"இருமல் வருதே" என்றாள் சமையல்கட்டிலிருந்து பொன்னுருவி.

"கேட்டீங்களாம்மா? இருமல்தான். என் பயனுறுதிறன் பூஜ்யம்."

இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

மாசிலாமணி வாத்தியாருக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. அங்காயி அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ இருக்கும். மகள் வயதுக்காரியைக் குருவாகக் கொண்டவர் அவர். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மனைவி போன பிறகு, கொல்லிமலைச் சரிவில் இருந்த அம்மாவின் தகரக் கூரை மடத்துக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"கடவுள் இருக்காரா?" என்று கேட்டார்.

"அடுப்பு புகையுது. அதைக் கொஞ்சம் பாருங்க" என்றார் அம்மா.

பார்த்தார். பார்க்க வந்தவர் திரும்பிப் போகவில்லை.

களிமண்ணோடு உமியும் சாம்பலும் பிசைந்து, அரை முழக் கனத்தில் சுவர் வைத்து ஒரு அடுப்பு கட்டினார். உள்ளே எரிகிற சூடு ஒரு பொட்டுகூட வெளியே வராது. அத்தனையும் பாத்திரத்துக்கு. விறகு பாதியாகக் குறைந்தது. காட்டிலிருந்து விறகு சுமந்தது மடத்தில் சமைக்கிற பொன்னுருவியின் தலை. அவள் அந்த அடுப்புக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

அடுத்து பல்புகளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குண்டு பல்புக்கு நூறு பங்கு கரண்டு குடுத்தா அஞ்சு பங்குதான் வெளிச்சம். மிச்சமெல்லாம் சூடு. வீண்!"

ஒவ்வொன்றாகக் கழற்றி எல்இடி மாட்டினார். ஒரே ஒரு குண்டு பல்பு தப்பியது. அது பொன்னுருவியின் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் தொங்கியது. அவள் பெட்டிக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"இதைத் தொட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து உங்களுக்கு உப்பில்லாத சோறுதான் வாத்தியாரய்யா."

வாத்தியார் பின்வாங்கினார்.

ஒருநாள் சாப்பாட்டில் அம்மா கேட்டார்: "இந்தச் சோறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நெல்லுலேர்ந்து. நெல்லு வெயிலைக் குடிச்சு வளர்ந்துச்சு."

"அதை வேகவெச்ச விறகு?"

"மரமும் வெயிலைக் குடிச்சதுதான்."

"அப்ப கரண்டு?"

"அணையிலேர்ந்து வருது. அந்தத் தண்ணியை ஆவியாத் தூக்கி, மலை மேல மழையாக் கொட்டினதும் வெயில்தாம்மா."

அம்மா கையிலிருந்த கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா. எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு" என்றார். பிறகு, வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியிடம் சொல்வதுபோல், "வந்தியா வெயிலே" என்றார்.

அன்றிலிருந்து அந்த மடத்தில் சோற்றைத் தொட்டு அந்த வார்த்தையைச் சொல்லாமல் யாரும் சாப்பிட்டதில்லை. சோற்றுக்குள் வெயில் இருப்பதைக் கற்றுக்கொடுத்தது வாத்தியார் என்பதில் அம்மாவுக்குத்தான் அதிகப் பெருமை.

அப்புறம் ஒரு ஆடி மாதம், வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கை தொங்கியது. கால் இழுத்தது. பெஞ்சில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பார்.

"வந்தியா வெயிலே" என்று எல்லோரும் சொல்லும்போது அவர் உதடு மட்டும் அசையும். சத்தம் வராது. பொன்னுருவி இரண்டாவது கரண்டி கொண்டுவந்தால் வலது கையால் தட்டை மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் முதல் கரண்டி பாதி விழுந்ததுமே மூட ஆரம்பித்தார்.

இப்படி மூன்று மாதம். அதற்குப் பிறகுதான் அந்தத் தண்டச்சோற்றுப் பேச்சு.

"பூஜ்யம்னு சொல்றீங்க" என்றார் அம்மா, காயை ஒடித்தபடியே. "அப்ப உள்ள போனது எங்க போச்சு?"

"என்னம்மா?"

"ஆற்றல் அழியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வேலையா வரலைன்னா வேற எங்கயாவது போயிருக்கணுமே."

"உடம்புச் சூடாப் போகுது. காத்துல கலந்து போகுது. வீணா."

"ஓ" என்றார் அம்மா.

"நாளைக்குக் காலையில முதல் பஸ்ல இறங்கிடறேன். கீழ ஒரு முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சாச்சு."

"சரி."

வாத்தியார் இன்னொரு வார்த்தைக்குக் காத்திருந்தார்.

அவரைக்காய்தான் ஒடிந்தது.

மறுநாள் விடிந்ததும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் துணிப்பை. பையில் இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, கண்ணாடிக் கூடு.

ஐப்பசி மழை. பத்து நாளாக மலையில் யார் கண்ணிலும் வெயில் படவில்லை. பஸ்ஸும் வரவில்லை. மூன்றாவது வளைவில் மண் சரிந்துவிட்டது என்று சேதி வந்தது. அங்கே மாட்டிக்கொண்ட இருபது பேர் மடத்துச் சோற்றை நம்பி நடந்து வருகிறார்களாம். மழைத் தண்ணீர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பவும், அம்மா மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டப் போனார்.

அப்போதுதான் பொன்னுருவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா! கரண்டு போயிடுச்சு! குஞ்சுங்க விறைக்குதுங்க!"

தாய்க்கோழியை நாலு நாள் முன்னால்தான் கீரி கொண்டு போயிருந்தது. பதினொரு குஞ்சுகள். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஈரப் பஞ்சு மாதிரி கிடந்தன.

"அடுப்புகிட்ட வையி" என்றார் அம்மா.

"வெச்சேம்மா. இந்த மனுசன் கட்டின அடுப்பு இருக்கே! உள்ள வெச்சா வறுவல். வெளிய வெச்சா ஐஸு. பழைய அடுப்பா இருந்தா பக்கத்துல போனாலே மூஞ்சி காந்தும்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சுடுதண்ணி பாட்டில்?"

"அதுவும் வெச்சேன். ஆறிப்போச்சு. மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு நின்னா இருபது பேருக்கு உலை யாரு வைக்கிறது?"

அம்மா மண்வெட்டியைச் சாத்தினார். பெஞ்சுக்கு வந்தார். வாத்தியார் மடியிலிருந்த பையைத் திறந்து கம்பளியை உருவினார்.

"சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க."

"எதுக்கும்மா?"

அம்மாவே கழற்றினார். குஞ்சுகளை ஒன்றொன்றாக எடுத்து வாத்தியாரின் வயிற்றோடு ஒட்டி வைத்தார். வாத்தியாரின் வலது கையை எடுத்துக் குஞ்சுகளுக்கு அணை கொடுத்தார். மேலே கம்பளியைப் போர்த்தினார்.

"அம்மா, எனக்கு பஸ்ஸு..."

"வரட்டும். அசையாதீங்க, நசுங்கிடும்."

"ஏம்மா நானு?"

"நான் வாய்க்கா வெட்டணும். இவ உலை வைக்கணும். சும்மா உட்காரத் தெரிஞ்ச ஆளு இந்த மடத்துல நீங்க ஒருத்தர்தான்."

அம்மா மழைக்குள் போய்விட்டார்.

குஞ்சுகள் கத்தின. வாத்தியார் அசையவில்லை. அவை கத்திக்கொண்டே இருந்தன. ஒன்றுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அது தன் விரலுக்குள் உதறுவதை அவர் உணர்ந்தார். அவருக்கே நடுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கம்பளிக்குள் விட்டுப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்கு. அடுப்பு பத்தலையே வாத்தியாரே."

அம்மா பொன்னுருவி பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா அரைக் கரண்டி?"

"ஆடியிலேர்ந்தே அப்படித்தான்" என்றாள் பொன்னுருவி. "கோழி கொத்துற அளவுக்குச் சாப்பிடறாரு."

"விறகே போடாம அடுப்பு சரியில்லைன்னா எப்படி?" என்றார் அம்மா. "கஞ்சி கொண்டா. சூடா."

கஞ்சி வந்தது. மூடிக்கொள்ள வாத்தியாரின் கை எழப் பார்த்தது. எழ முடியவில்லை. எடுத்தால் பதினொன்றும் சரிந்துவிடும். இன்னொரு கை ஆடியிலேயே செத்த கை.

அங்காயி அம்மா அவருக்குப் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்தார். டம்ளரை அவர் வாயில் வைத்தார்.

அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அடுப்பையும் குப்பையையும் காட்டிய குரு, அன்றைக்கு அவருக்குக் கஞ்சி புகட்டினார்.

ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர். மூன்றாவதில் வாத்தியாரின் நெற்றி வேர்த்தது.

பதினொரு குரல் ஆறானது. ஆறு இரண்டானது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"அம்மா!" வாத்தியாருக்குக் குரல் உடைந்தது. "சத்தம் நின்னுடுச்சு. போயிடுச்சாம்மா? எல்லாம் போயிடுச்சா?"

அம்மா கம்பளியை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார்.

பதினொன்றும் தூங்கின. உதறிக்கொண்டிருந்த குஞ்சு அவர் தொப்புளில் தலையை வைத்து, அலகைத் திறந்தபடி தூங்கியது.

வாத்தியார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்காமல், மூக்கால் மட்டும் சிரித்தார்.

"ஒம்பதாம் வகுப்புல கடைசி பெஞ்சுல பசங்க தூங்குவானுங்க. அவனுங்களை எழுப்பிச் சொல்லுவேன். 'டேய், சும்மா உட்கார்ந்திருக்கிற மனுசன் நூறு வாட் பல்புடா. என்ன, வெளிச்சம்தான் வராது.' வகுப்பே சிரிக்கும்."

"நூறா?" என்றாள் பொன்னுருவி. "என் பல்பு அறுபதுதானே!"

தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

வாத்தியார் கம்பளிக்குள் மெல்லக் குனிந்தார்.

"வந்தியா வெயிலே" என்றார். சத்தமாகவே சொன்னார்.

இருபது பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஈரத் துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் சிலர், பெஞ்சில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிற கிழவரை யாரோ பெரிய சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டும் போனார்கள். அவர் கும்பிட்டவர்களிடம் "மெதுவா, மெதுவா, தூங்குது" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மழை விட்டது. மண்ணை ஒதுக்கிவிட்டார்கள். கீழே ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"பஸ் வந்திருக்கு வாத்தியாரே" என்றார் அம்மா.

ஹாரன் இரண்டாவது தடவையும் அடித்தது. அப்புறம் அந்தச் சத்தம் வளைவு வளைவாக இறங்கிப் போனது.

பொன்னுருவி ஒரு துண்டை எடுத்து, கம்பளி நழுவாதபடி வாத்தியாரின் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வலது கை விடுபட்டது. அவருக்கு முன்னால் தட்டை வைத்தாள். பழக்கத்தில் அரைக் கரண்டி போட்டாள். பழக்கத்தில் நின்றாள், அவர் மூடுவார் என்று.

அந்த நேரம் பார்த்து கரண்டு வந்தது. மூலையில் காலியாகக் கிடந்த பெட்டிக்குள் குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தது.

"வந்துடுச்சு! குடுங்க வாத்தியாரய்யா, குஞ்சுங்களை எடுத்து உள்ள விட்டுடறேன்."

வாத்தியார் பல்பைப் பார்த்தார். கம்பளிக்குள் பார்த்தார்.

"அதை அணைச்சிடு பொன்னுருவி. எதுக்கு வீணா?" என்றார்.

சொல்லிவிட்டு, தட்டை நீட்டினார்.