வாழைப்பூ ஆய்ந்த மூவர்

நெட்டைக்குளத்தில் குளம் இல்லை. நெட்டையானவர்களும் அதிகம் இல்லை. ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று அங்கே யாரைக் கேட்டாலும், கொஞ்சம் யோசித்து, "பஸ் போர்டுல எழுதியிருக்கே, அதுல இருந்துதான் வந்திருக்கும்" என்பார்கள். அந்த ஊரில் அறிவுக்குப் பஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோரிடமும் இருந்தது. செலவு பண்ணாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்களிலும் மிகச் சிக்கனமானவர்கள் ஆனைமுத்து, சீமைச்சாமி, பொறையாண்டி என்ற மூன்று சகோதரர்கள். தாய் தகப்பன் இல்லை. மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். கதவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால், இமைக்காமல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொல்லை வழியாகத் திருடன் வந்து அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும், "கதவு போச்சா, சொல்லுங்க?" என்று நியாயம் கேட்பார்கள்.

மூத்தவன் ஆனைமுத்துவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. போன வருஷம் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, "சம்மதம்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார். போனவர், பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். இது தெரியாமல் ஆனைமுத்து வாசலில் பந்தல் போட்டு, மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை பெண்ணுக்காகக் காத்திருந்தான்.

அடுத்த வீட்டுச் செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை. இவர்களுக்கு அவள் மதினி முறை. தன் பிறந்த ஊரில் இருக்கும் தாண்டவராயன் என்பவரின் மகள் கோமுவைப் பேசி முடிக்க முன்வந்தாள். கோமுவை அந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ஆனைமுத்து ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவள் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆகவே பலமுறை பார்த்துப் பழகியதாகவே அவன் எண்ணம். கட்டினால் அவளைத்தான் என்று இருந்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் பெண் வீட்டார், மனசு ஒப்பும்வரை அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம்; அதற்குமேல் பேச்சே இல்லை. தாண்டவராயன் வீடு பார்க்க வருகிற அன்று காலையில், மதினி மூவரையும் வரிசையாக உட்காரவைத்தாள்.

"இந்தா பாருங்க. அவருக்கு வாழைப்பூ வடைன்னா உசுரு. ஒரு கடி கடிச்சாருன்னா காரியம் முடிஞ்சுது. வடை வாய்க்குள்ள போகாம அவரு ஆயிரம் தடவை சம்மதம்னு சொன்னாலும் நம்பாதீங்க. போன தடவை பட்டது போதும்."

"நம்ப மாட்டோம் மதினி."

"பருப்பை ஆட்டி வச்சிட்டேன். சுடுறதுக்கு எண்ணெயும் தூக்குவாளியில இருக்கு. நான் போய் அவரைப் பஸ்ஸடியில இருந்து கூட்டிட்டு வந்து சுட்டுக்கிடுதேன். நீங்க பூவை மட்டும் ஆய்ஞ்சு வைங்க. கடைப் பூ கசக்கும். நம்ம கொல்லையில நிக்குதே, அந்தப் பூதான் வேணும். முதல்ல கையில எண்ணெய் தடவிக்கோங்க, இல்லேன்னா கறை பிடிச்சிரும். மடலை ஒவ்வொண்ணா உரிச்சுப் பூவை எடுங்க. வெள்ளையா வந்ததும் நிறுத்திருங்க. ஒவ்வொரு பூவுக்குள்ளயும் ஒரு நரம்பு நிக்கும், தீக்குச்சி மாதிரி தலை தடிச்சிருக்கும். எவ்வளவு வேகவச்சாலும் அது வேகாது. வேகாததை எறிஞ்சிட்டு, வேகிறதை நறுக்கி மோர்ல போடுங்க. வெளிய வச்சா கறுத்திரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

புரிந்தது என்று சொல்வதில் மூவரும் கெட்டிக்காரர்கள். மதினி நம்பிக்கையோடு பஸ்ஸடிக்குக் கிளம்பினாள்.

"முதல்ல எண்ணெய்" என்றான் ஆனைமுத்து.

"கைன்னா எதுவரைக்கும்ணே?" என்று கேட்டான் கடைசித் தம்பி பொறையாண்டி.

மூவரும் விரல் நுனியிலிருந்து மேலே மேலே தடவிப் பார்த்தார்கள்.

நடுவுள்ளவன் சீமைச்சாமிதான் விடை கண்டான். "சட்டைக்குக் கை எங்க வச்சுத் தைக்கான்? தோள்ல. அப்போ அங்க இருந்துதான்."

தூக்கில் இருந்த எண்ணெய் ஆறு கைகளுக்கும் சரியாக இருந்தது. பிறகுதான் பூ இன்னும் மரத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது.

கொல்லையில் நின்றது ஒரே வாழை. குலை தள்ளி, அதன் நுனியில் பூ எட்டாத உயரத்தில் தொங்கியது. ஆனைமுத்து மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினான். ஏறிய வேகத்திலேயே வந்து சேர்ந்தான். சீமைச்சாமியின் தோளில் ஏறிப் பார்த்தான் பொறையாண்டி. அவனும் வழுக்கிக்கொண்டு போய்த் துவைகல்லில் உட்கார்ந்தான்.

"எண்ணெயைத் துடைச்சிட்டு ஏறுவோமாண்ணே?"

"ஏல, முதல்ல எண்ணெய்னு சொல்லிருக்காங்க. துடைச்சிட்டுப் பூவைப் பறிச்சா, பூ முதல்ல வந்திரும். எண்ணெய் ரெண்டாவதாப் போயிரும்."

பூவிடம் தாங்கள் போக முடியாது என்பதால், பூவைத் தங்களிடம் வரவழைக்க முடிவாயிற்று. அரிவாள் எடுத்தார்கள். அது முதல் வீச்சில் கையிலிருந்து நழுவி மதினி வீட்டு ஓட்டின்மேல் விழுந்தது. இரண்டாவது வீச்சில் எருக்குழிக்குள் போயிற்று. ஒருவன் வீச, ஒருவன் தேட, ஒருவன் குனிந்துகொள்ள, ஒருவழியாக மரம் சாய்ந்தது. அதன் காலடியில் இருந்த கன்று மட்டும் எப்படியோ தப்பியது.

"எட்டிருச்சு!" என்று கத்தினான் பொறையாண்டி.

மடல் உரிப்பதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக உரித்தார்கள். ஒவ்வொரு மடலுக்குள்ளும் சீப்புப் போல அடுக்கியிருந்த பூக்களை எடுத்துக் குவித்தார்கள். உள்ளே வெள்ளையாக ஒரு குருத்து வந்தது. கை அப்படியே நின்றது. அதைத் தட்டில் வைத்துத் தள்ளி வைத்தார்கள்.

அடுத்தது நரம்பு. சீமைச்சாமி ஒரு பூவை விரித்தான். தீக்குச்சி மாதிரியே தலை தடித்து நின்றது. பிடுங்கி எறியப் போனவனின் கையைப் பொறையாண்டி பிடித்துக்கொண்டான்.

"இருண்ணே. வேகாததைத்தான எறியச் சொன்னாங்க? இது வேகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"மதினிதான் சொன்னாங்க."

"மதினி பொதுவாச் சொன்னாங்க. இந்த நரம்பை அவங்க பார்க்கவே இல்லியே. பாவம், இது வேகிற நரம்பா இருந்தா?"

இருவரும் மூத்தவனைப் பார்த்தார்கள். ஆனைமுத்து கண்ணை மூடித் திறந்து தீர்ப்புச் சொன்னான். "எறிஞ்ச பிறகு வெந்துச்சுன்னா பழி யாருக்கு? வேகவச்சே பாத்திருவோம்."

அடுப்பு மூட்டி, ஒரு நரம்பை வேகவைத்தார்கள். வேகவில்லை.

"சரி, மத்ததை எறிஞ்சிருவோம்" என்றான் சீமைச்சாமி.

"ஒண்ணு வேகலைன்னா மத்ததும் வேகாதா?" என்று கேட்டான் பொறையாண்டி. "நாம மூணு பேரும் ஒரே வயித்துல பிறந்தோம். நீ பாகற்காய் திங்கே. நான் திங்கேனா?"

மறுக்க முடியாத வாதம். எல்லா நரம்புகளும் பானைக்குள் போயின. விறகு தீரத் தீர வைத்தார்கள். ஒன்றுகூட வேகவில்லை. மூவருக்கும் மதினிமேல் மரியாதை கூடியது.

"அப்போ பூவை நறுக்கலாமா?" என்று கத்தியை எடுத்தான் சீமைச்சாமி.

"வேகிறதைத்தான் நறுக்கணும்" என்றான் பொறையாண்டி. "பூ வேகும்னு என்ன நிச்சயம்?"

பூக்களும் பானைக்குள் போயின. மிச்சமிருந்த விறகு எரிந்து முடிந்த பிறகு ஆனைமுத்து எட்டிப் பார்த்தான். நரம்பெல்லாம் மிதந்தது.

"பூவை எங்கல?"

"வெந்திருச்சுண்ணே."

"நல்லா வெந்துச்சா?"

"கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெந்திருச்சு."

"அப்போ மதினி சொன்னது அத்தனையும் சரி" என்றான் ஆனைமுத்து, நெஞ்சு நிறைந்து. "நறுக்குல."

சீமைச்சாமி பானைக்குள் கத்தியை விட்டு, குழம்பிக் கிடந்த தண்ணீரை வெகுநேரம் நறுக்கினான். நறுக்க நறுக்க அது திரும்பவும் சேர்ந்துகொண்டது. பொறையாண்டி பொறுமையாகப் பக்கத்தில் இருந்து, "இன்னும் கொஞ்சம் பொடுசா நறுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஆனைமுத்து தன் கையைப் பார்த்தான். தடவிய எண்ணெயெல்லாம் மரத்துக்கும் அரிவாளுக்கும் போய்விட்டதால், பூவின் கறை ஏறி விரல் பத்தும் கறுத்திருந்தது.

"ஐயோ, கறுத்திருச்சே! வெளிய வச்சா கறுத்திரும்னு மதினி தலை தலையா அடிச்சிக்கிட்டாங்களே!"

"மோர்! மோர்ல போடு!"

ஆறு கைகளும் மோர்ப் பானைக்குள் பாய்ந்தன. அந்த நேரம் பார்த்து வாசலில் மதினியின் குரல் கேட்டது.

விருந்தாளியை வாசலில் நிற்கவைப்பது மரியாதை இல்லை. கையை வெளியே எடுக்கவும் வழி இல்லை. பானையை உள்ளிருந்தே விரலால் கவ்விக்கொண்டு, மூவரும் நண்டு நடை நடந்து வாசலுக்கு வந்தார்கள்.

தாண்டவராயன் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றார். பானையைப் பார்த்தார், மூன்று முகங்களையும் பார்த்தார். "கையெடுத்துக் கும்பிடுற பழக்கம் இந்த வீட்டுல கிடையாதோ?" என்றார்.

"மன்னிக்கணும் மாமா. கையை எடுத்தா கறுத்திரும்" என்றான் ஆனைமுத்து.

மதினி பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏய், பூ எங்க?"

"வெந்திருச்சு மதினி."

"எண்ணெய்?"

"மரத்துல இருக்கு."

"மரம்?"

"தரையில இருக்கு."

மதினி ஆட்டுரல்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆனைமுத்துவுக்குக் கண் கலங்கியது. வடை இல்லை. வடை இல்லையென்றால் கோமு இல்லை. துடைத்துக்கொள்ளக் கையும் இல்லை. ஒரு சொட்டு மோரில் விழுந்தது.

தாண்டவராயன் அந்த ஊர்க்காரர் இல்லை. ஆனால் அவருடைய ஊரும் அதே பஸ் போகிற வழியில்தான் இருந்தது. அவர் நிதானமாகப் போய் அமர்ந்தார். பக்கத்தில் தட்டில் இருந்த வெள்ளைக் குருத்தைக் கண்டதும் அவர் கை தானாக நீண்டது. கடித்தார். மென்றார். முழுவதையும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பிஞ்சுக் குருத்து. இனிக்குது. எனக்கு இந்தச் சம்பந்தம் சம்மதம்மா."

மதினி துள்ளி எழுந்தாள். "கேட்டீங்களாய்யா! சாப்பிட்டுட்டாரு! சம்மதம்னுட்டாரு!"

"நம்ப மாட்டோம்" என்றான் ஆனைமுத்து.

"என்னது?" என்றார் தாண்டவராயன்.

"வடை வாய்க்குள்ள போகாம நீங்க ஆயிரம் தடவை சொன்னாலும் நம்பக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க மாமா. நீங்க ஒரு தடவைதான் சொல்லிருக்கீங்க."

"ஏல கூறுகெட்டவனே, அவரே ஒத்துக்கிட்டாருல!" என்று மதினி அலறினாள்.

"போன தடவையும் ஒத்துக்கிட்டுத்தான் போனாங்க மதினி."

தாண்டவராயன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பையன் பேச்சுல நியாயம் இருக்கு. வடையைத் திங்காம நான் எப்படிச் சம்மதம்னு சொன்னேன்? அவசரப்பட்டுட்டேன். சரி, இன்னொரு பூ வாங்கிட்டு வாங்க."

"கடைப் பூ கூடாது மாமா. நம்ம கொல்லைப் பூதான்."

"கொல்லையில வேற மரம்?"

"கன்னு ஒண்ணு நிக்கு."

"அப்போ அது பூக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"பூத்தா மட்டும் போதுமா மாமா? ஆயத் தெரிஞ்ச ஆளு வேணுமே" என்றான் சீமைச்சாமி. ஏனென்றால் மதினி அதற்குள் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டிருந்தாள்.

"எங்க கோமு நல்லா ஆய்வா" என்றார் தாண்டவராயன் பெருமையோடு.

"அப்போ அவங்களை வரச் சொல்லுங்க."

"அது எப்படிப்பா? கல்யாணம் ஆகாத பிள்ளையை அடுத்தவங்க வீட்டுக்கு வடை சுட அனுப்புனா ஊரு என்ன பேசும்?"

பொறையாண்டிதான் வழி சொன்னான்.

"கல்யாணத்தைப் பண்ணி அனுப்புங்க மாமா. வடையைத் தின்னு பாத்துட்டு, பொண்ணைக் குடுக்கலாமா வேண்டாமான்னு நிதானமா முடிவு பண்ணுங்க."

"இது முறை" என்றார் தாண்டவராயன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோமு வந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வாழை குலை தள்ளுவதற்கும் வீட்டில் தொட்டில் கட்டுவதற்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான் ஆயிற்று. கோமு பூவை முறையாக ஆய்ந்து, பொன்னிறமாக வடை சுட்டு, தகப்பனாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

தாண்டவராயன் வந்து வடைகளை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். தட்டில் ஒரு தூள் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆனைமுத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வடை அருமை" என்றார். "ஆனா ஒண்ணு மாப்பிள்ளே. இது என் மக கையால சுட்டது. எங்க வீட்டுப் பலகாரம் மாதிரிதான். இதைத் தின்னது உங்க வீட்டுல சாப்பிட்ட கணக்குல வராது. பொண்ணு குடுக்கிறதுன்னா சும்மாவா? ஊருக்குப் போய் நாலு பேரைக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதேன்."

பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஆனைமுத்து கலங்கிப்போய்க் கோமுவைப் பார்த்தான். "உங்கப்பா என்ன சொல்லுவாருன்னு நினைக்கே?"

"எனக்கு என்ன தெரியும்?" என்று தலையைக் குனிந்துகொண்டாள் கோமு. "பிள்ளையை முதல்ல உள்ள கொண்டு போங்க. யாராவது பாத்தா, பதில் வாரதுக்கு முன்னாடியே நாம முடிவு பண்ணிட்டோம்னு நெனைச்சிருவாங்க."