திரும்பிப் போக ஒரு வழி

“சாமி, பாத்திரம் நிறைஞ்சிட்டு” என்றார் ஆவுடையப்பன்.

“அடுப்பிலேருந்து இறக்கும்” என்றார் குரு.

“அந்தப் பாத்திரம் இல்ல சாமி. கம்ப்யூட்டர் பாத்திரம்.”

குரு விசிறியை மடக்கினார்.

மலையடிவாரத்து மடத்தில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. மூன்றுக்கும் உடம்பு கிடையாது. ஒவ்வொன்றும் வெறும் சில கோப்புகள். தூக்கிக்கொண்டுபோய் வேறு எங்கே வைத்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோப்புகள் தங்கும் இடத்துக்கு டேட்டாஸ்டோர் என்று பெயர். அந்தப் பெயர் வாயில் நுழையாத சமையற்காரர் பாத்திரம் என்று சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

அந்தப் பாத்திரத்துக்கு ஆவுடையப்பன் காவல். ஐம்பதைத் தாண்டியவர். ஆபீஸில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு, சந்நியாசம் சரிப்படுமா என்று பார்க்க வந்தவர். குரு அவருக்கு இளையவர். காவி கட்டுமுன் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் குளிரில் நடுங்கியவர்.

“இடம் இல்லாட்டா மெஷின் நிக்குமே. மூணுல எது நின்னு போச்சு?”

“பெரிய சாமி பேச்சு இருக்கிற மெஷின்.”

பெரிய சாமி காலமாகிவிட்டார். ஒலிநாடாக்களில் கிடந்த அவர் பேச்சை, வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துவந்தார் ஆவுடையப்பன். மடத்தில் அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். தியானத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்.

குரு திரையைப் பார்த்தார். ஒரு பழைய கோப்பு. அதை ஒட்டி, ஊதிப் பெருத்த இன்னொன்று.

“ஸ்னாப்ஷாட் எடுத்தீராக்கும்?”

“வந்த அன்னிக்கே எடுத்தேன் சாமி. ஏதாவது கோளாறு ஆனா அன்னைக்கு இருந்த நிலைக்குத் திரும்பிப் போகணும்லா?”

“எடுத்துட்டு அப்படியே விட்டுட்டீரு.”

“பத்திரமா இருக்கட்டுமேன்னு…”

“அன்னையிலேருந்து பழைய கோப்புல ஒரு எழுத்துகூட ஏறல வே. அது உறைஞ்சு கெடக்கு. நீர் தட்டுனது பூரா இந்தப் புதுசுல போய் ஏறுது. பாத்திரத்தை அடைச்சது அதுதான்.”

திரையில் இரண்டு பொத்தான்கள். ‘திரும்பு’. ‘நீக்கு’.

‘நீக்கு’ என்றால் தட்டியதெல்லாம் போய்விடும் என்று நினைத்தார் ஆவுடையப்பன். அம்புக்குறியை நைசாகத் ‘திரும்பு’ பக்கம் நகர்த்தினார்.

விசிறிக் காம்பால் அவர் கையில் ஒரு போடு விழுந்தது.

“ஏன் சாமி அடிக்கீக?”

“திரும்புனா வந்த அன்னைக்கே போயிருவீரு. தட்டுனதுல ஒரு வரி மிஞ்சாது.”

“அப்போ நீக்குனா?”

“நீங்கும்.”

“எது சாமி?”

“நீக்கிப் பாரும்.”

“ரெண்டும் வேண்டாம், இப்படியே வச்சுக்கிடலாமே?”

“இம்புட்டு நாளா அதைத்தானே வே செஞ்சீரு.”

இடுப்பில் போன் நடுங்கியது. கோமதி. வெள்ளிக்கிழமை தவறாத அழைப்பு. மனைவியின் கேள்வி எப்போதும் ஒன்றே: “வாரீகளா, வரலியா?” இவர் பதிலும் ஒன்றே: “பாப்போம்.”

ஆவுடையப்பன் போனை எடுக்கவில்லை. குரு அதைக் கவனித்தார்.

“நீக்கவும் கொஞ்சம் இடம் வேணும். இது என்ன, மூலையில?”

“வழியனுப்பு விழா வீடியோ சாமி. ஆபீஸ்ல எடுத்தாக.”

“லீவுல வந்ததுக்கு விழாவா?”

“மாலைகூடப் போட்டாக.”

குரு அதை அழித்தார். ஆவுடையப்பன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“இப்போ அமுக்கும்.”

முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு ‘நீக்கு’வை அழுத்தினார்.

திரையில் ஒரு கோடு நத்தையாய் ஊர்ந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. குரு போய்ச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தார். ஆவுடையப்பன் அசையவில்லை. மடத்துக்கு வந்தபின் அவர் தூங்காமல் செய்த முதல் தியானம் அது.

கோடு முடிந்தது. ஊதிய கோப்பைக் காணோம். ஆவுடையப்பன் தலையில் கைவைத்தார்.

குரு மெஷினை எழுப்பிவிட்டார்.

பெரிய சாமியின் பேச்சு, முதல் வரியிலிருந்து அன்று காலை தட்டிய கடைசி வரி வரைக்கும், இருந்தது. எல்லாம் பழைய கோப்புக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

“சாமி! எதுவுமே போகலியே!”

“ஒண்ணு போச்சே.”

“எது?”

போன் மறுபடி நடுங்கியது. “வந்த அன்னைக்குத் திரும்புற வழி” என்ற குரு, போனை மோவாயால் காட்டினார்.

“வாரீகளா, வரலியா?” கோமதியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“பா…” என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

குரு விசிறியை எடுத்தார்.

“பா… பாயசம் வையி கோமதி. வாரேன். பெரிய சாமியையும் கோப்போட கூட்டிட்டு வாரேன்.”