நிழல் சீட்டு

முன்னொரு காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பாமல் இருந்தேன். இதில் ஒரு மந்திரவாதி வருகிறான்; அவனை நம்பினேன். பேசும் ஓணான் வருகிறது, அதையும் நம்பினேன். நம்ப முடியாமல் போனது ஒரே ஓர் இடம்தான். எங்கள் தெருவில் சீட்டுப் பிடிக்கும் தெய்வானை அக்கா, பணம் கட்ட வரும் பெண்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை இது. அந்த இடம் வரும்போது நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேட்கலாம்.

மலைக்கும் அப்பால், மணலுக்கும் அப்பால், மேகம் இளைப்பாறும் ஊர்களுக்கும் அப்பால் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் நிழல் தண்ணீரைவிடக் குளிர்ச்சி, பஞ்சைவிட மென்மை. விரலால் தொட்டால் மெல்ல நெளியும். மரத்தடியில் படுத்தவர்கள் அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டு கனவு காண்பார்கள்.

ஒருநாள் அங்கே நிழல்சுருட்டி என்ற மந்திரவாதி வெறுங்கையோடு வந்தான்.

"மரம் உங்களுக்கே. காய் உங்களுக்கே. கீழே சும்மா கிடக்கிற நிழலை மட்டும் எனக்குக் கொடுங்கள். மரத்துக்கு ஒரு பொற்காசு" என்றான்.

ஊர் சிரித்தது. சும்மா கிடப்பதற்கும் காசா? வேப்ப மர நிழலை விற்றார்கள், புளிய மர நிழலை விற்றார்கள், கூரையின் நிழலையும் விற்றார்கள். அவன் ஒவ்வொன்றையும் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். ராஜா தன் வெண்கொற்றக் குடையின் நிழலையே விற்றுவிட்டு, குடைக்குக் கீழே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொற்காசு தீர்ந்தது. வேரடியில் நிழல் இல்லாத மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நிழலின் அருமை வெயிலில் தெரிந்தபோது, நாட்டு நிழல் முழுவதும் நிழல்சுருட்டியின் கிடங்கில் இருந்தது.

அதன்பிறகு அவன் நிழலைக் கடனுக்குக் கொடுத்தான். இன்று ஒரு முழம் வாங்கினால் அடுத்த அமாவாசைக்கு ஒன்றரை முழம். கடன் வேண்டாம் என்பவர்கள் அவன் கிடங்கில் தூசு தட்டப் போகலாம். நாள் கூலி ஒரு சாண் நிழல். அதைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் வெயிலில் தேய்ந்து கரைந்துவிடும். மறுநாள் மறுபடி கூலி, மறுபடி சாண், மறுபடி வெயில்.

கடனை அடைக்காதவர்கள் கானல் ஆனார்கள். ஊர் எல்லையில் நடுப்பகலில் தண்ணீர்போல மினுங்கி நின்றார்கள். கூப்பிட்டால் அசைவார்கள், கிட்டப் போனால் விலகுவார்கள்.

அந்த ஊரில் காயாம்பூ என்றொரு பெண். அவள் அப்பா சடையன் கயிறு திரிப்பவர். காயாம்பூவுக்குத் தம்பி பிறந்தபோது, பச்சைக் குழந்தையை எப்படி வெயிலில் போடுவது என்று தொட்டிலுக்காக ஒரு முழம் நிழல் கடன் வாங்கினார். திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கடன் வசூலுக்கு வருவது ஓணான். அது வாசலில் ஏறி நின்று பாடும்:

"வாங்கினது ஒரு முழம்,
வளந்தது ஒரு பாய்,
வட்டிக்கு வட்டி வாசல்ல நிக்குது."

ஒருநாள் சடையன் வாசலிலும் பாடிவிட்டுத் தலையாட்டியது. தொட்டில் நிழலை வட்டிக்கென்று வாயில் கவ்விக்கொண்டது. சடையனின் கால்கள் முழங்கால்வரை கானல் ஆயின.

"கால் வலி போச்சு" என்றார் சடையன். யாரும் சிரிக்கவில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தை மட்டும் அந்த மினுமினுப்பைப் பிடிக்கக் கை நீட்டியது.

காயாம்பூ தொட்டிலுக்கு அடியில் பார்த்தாள். இத்தனை நாள் நிழல் விழுந்த மண்ணில் ஒரு புங்கங்கன்று முளைத்து, இரண்டு இலை விட்டிருந்தது. அந்த இலைகளுக்குக் கீழே நகத்தளவு புது நிழல். யாரிடமும் வாங்காத நிழல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்று வெயிலில் துவண்டு கருகியது.

அன்று முழுக்க அவள் அதையே யோசித்தாள். நிழலுக்கு அடியில் நிழல் முளைக்கிறது. ஆனால் ஒரு கன்று பிழைக்க ஒரு பாய் அகல நிழலாவது வேண்டும். சாண் நிழல் போதாது. ஒரு பாய்க்கு எங்கே போவது?

மறுநாள் தெருவாரையெல்லாம் ஒன்றுகூட்டினாள். கையில் ஒரு பாக்குவெட்டி. பக்கத்தில் மூடி போட்ட ஒரு பானை.

"தினமும் நம்ம கூலியில ஒரு விரல் அகலம் வெட்டி இந்தப் பானையில போடுவோம். பானைக்குள்ள வெயில் படாது, நிழல் தேயாது. பானை நெறஞ்சா ஒரு பாய். ஒவ்வொரு பாயும் ஒவ்வொரு வீட்டுக்கு. எடுத்தவங்க அதுல கன்னு வெக்கணும், எடுத்த பிறகும் விரலைப் போட்டுக்கிட்டே இருக்கணும். கடைசி வீடு எடுக்கிறவரைக்கும்."

எண்ணெய் விற்கும் முத்திருளன் சிரித்தான். கரண்டியை உள்பக்கம் வளைத்து அளவில் ஏமாற்றுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர்.

"விரல் நிழல்ல தோப்பு போடப் போறாளாம். ஏ புள்ள, தலை காஞ்சிடுச்சா?"

"ஒரு விரல் கொறஞ்சா தலை காயாது மாமா. காது கொஞ்சம் காயும்."

பூக்காரி பட்டத்தாள் விடவில்லை. "பானை உன் வீட்டுல இருக்கும். நீ எடுத்துக்கிட்டு ஓடிட்டா?"

"எங்கப்பாவுக்குக் கால் இல்ல அத்தை. அவரை விட்டுட்டு எங்க ஓட?"

பட்டத்தாள் தலையிலிருந்த சாண் நிழலை எடுத்து நீட்டினாள். பாக்குவெட்டி 'நறுக்' என்றது. பானைக்குள் ஒரு விரல் குளிர்ச்சி விழுந்தது.

நாளும் ஒரு விரல், வீட்டுக்கு ஒரு விரல். காது காய்ந்தது, கழுத்து காய்ந்தது, பானை நிறைந்தது. அன்றைக்கு மூடியைத் திறந்தபோது தெருவே கண்ணை மூடிக்கொண்டது. மழைக்கு முந்தைய வாசனை அடித்தது.

அதே நேரம் வாசலில் ஓணான்.

"வாங்கினது ஒரு முழம்,
வளந்தது ஒரு பாய்,
வட்டிக்கு வட்டி வாசல்ல நிக்குது."

தலையாட்டியது. சடையன் இடுப்புவரை கானல் ஆனார்.

"அந்தப் பாயைக் குடு. இடுப்போட நிறுத்திக்கிறேன்" என்றது ஓணான்.

"குடுத்தா அப்பா நடப்பாரா?"

"நடக்க மாட்டார். இப்படியே இருப்பார். அது வட்டி. அடுத்த தடவைக்கு இன்னொரு பாய்."

"குடுத்துடு தாயி" என்று அம்மா அழுதாள். "சீட்டுப் பிடிக்கிறவங்கதான் முதல் சீட்டு எடுக்கணும். அதுதானே வழக்கம்?" தெருவும் ஆமாம் என்றது. பட்டத்தாள்கூட ஆமாம் என்றாள்.

காயாம்பூ அப்பாவைப் பார்த்தாள். அவர் இடுப்புக்குக் கீழே சுவர் தெரிந்தது. பாயைக் கொடுத்தால் ஓணான் தின்றுவிட்டு நாளை மறுபடி பசியோடு வரும். அதன் கீழே கன்று நட்டால் வளரும். ஆனால் தண்ணீர் வேண்டுமே. தெருவில் ஊற்றுள்ள கிணறு ஒன்றே ஒன்று. அது முத்திருளன் கொல்லையில் இருந்தது.

"முதல் சீட்டு முத்திருளன் மாமாவுக்கு" என்றாள்.

முத்திருளனே பின்னால் யாரையோ சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு பாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து கதவு திறக்கவில்லை. கூலிக்கும் வரவில்லை, விரலும் போடவில்லை. "பாய் போச்சு" என்றது தெரு. "இப்படி ஒருத்தனை நம்புவாளா?" என்றது. சிலர் விரல் போடுவதை நிறுத்தினார்கள். மூன்றாம் முறையாக ஓணான் வந்தது, பாடியது, தலையாட்டியது. சடையன் கழுத்துவரை கானல் ஆனார். காற்றில் மிதக்கும் முகம் மட்டும் மகளைப் பார்த்துச் சொன்னது: "நீ செஞ்சது சரின்னுதான் நினைக்கிறேன். தப்பா இருந்தாலும் என் மககிட்ட கோபமில்ல."

மறுநாள் பானையைச் சுற்றிப் பாதித் தெருதான் நின்றது. பாக்குவெட்டியைக் கீழே வைக்கப்போகும் நேரத்தில் முத்திருளன் வந்தான். உள்ளங்கை முழுக்கத் தண்ணீர் இறைத்த காய்ப்பு, கண் முழுக்கச் சிவப்பு. பின்னால் வந்த பட்டத்தாளின் கண்ணில் எதையோ பார்த்துவிட்ட திகைப்பு. "இவன் கொல்லைய எட்டிப் பார்த்தேன்டி. ஆள் உயரத்துக்குப் புங்க மரம் நிக்குது" என்றாள்.

முத்திருளன் பானைக்குள் கை விட்டு, கொண்டுவந்த நிழலைப் போட்டான்.

"தவறின நாளுக்கெல்லாம் என் விரல் இதுல இருக்கு" என்றான். "மேல ஒரு விரல். எல்லாம் மரம் குடுத்தது. இனிமே தினமும் குடுக்கும்."

"ஓணான் உன்கிட்ட வரலையா மாமா?"

"வந்துது. பாயைக் குடு, பொற்காசு தரேன்னுது. மூணு தடவை வந்துது."

"ஏன் விக்கல?"

அவன் பானையையே பார்த்தான். "இதுவரைக்கும் என்னை நம்பி யாரும் ஒரு கரண்டி எண்ணெய்க்குக்கூட முன்பணம் குடுத்ததில்ல புள்ள" என்றான்.

அதன்பிறகு ஒதுங்கியவர்களும் வந்தார்கள். பானை வாரத்துக்கு ஒருமுறை நிறைந்தது. பிறகு நாளுக்கு ஒருமுறை. பட்டத்தாள் வீட்டில் ஒரு மரம், அடுத்த வீட்டில் ஒரு மரம், அதற்கடுத்த வீட்டில் ஒரு மரம். எடுத்தவர்கள் எல்லோரும் கட்டினார்கள். ஓணான் நாலாம் முறை வருவதற்குள் கடைசிச் சீட்டு காயாம்பூவுக்கு வந்தது; அன்று பானை வழிந்து வாசலெல்லாம் நிழல் ஓடியது.

அவள் அதை அள்ளிக்கொண்டு கிடங்குக்குப் போனாள்; தெருவும் கூடப் போனது. முதல், வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஓணான் தன் வாலால் அளந்தது. அளந்து முடித்துத் தலையாட்டியது. இந்த முறை சடையனின் கழுத்து வந்தது, இடுப்பு வந்தது, கால் வந்தது.

நிழல்சுருட்டி உள்ளிருந்து ஓடிவந்தான். "பாதி வட்டிக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்."

"வேண்டாம்."

"கால் வட்டி."

"வேண்டாம்."

"வட்டியே வேண்டாம், ஒரு முழமாவது வாங்கிக்கொள்" என்று கெஞ்சினான். கடன் கேட்பவர்கள் இருக்கும்வரைதான் அவன் மந்திரத்துக்கு உயிர். இப்போது தெருவே சேர்ந்து "வேண்டாம்" என்றது.

கிடங்குக்குள் சரசரவென்று சத்தம். சுருட்டி வைத்த நிழல்கள் தாமாகவே விரிந்தன. வேம்பின் நிழல் வேம்பைத் தேடிப் போனது, புளியின் நிழல் புளியைத் தேடிப் போனது. பட்ட மரங்கள் துளிர்த்தன. ராஜாவின் குடைக்குக் கீழே குளிர்ந்தது. அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். ஊர் எல்லையில் மினுங்கி நின்ற கானல்களெல்லாம் மனிதர்களாகி, தூக்கம் கலைந்தவர்கள்போலக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார்கள். நிழல்சுருட்டி கிடங்கின் நடுவே வெறுங்கையோடு நின்றான். ஓணான் வேலியேறிப் போய்விட்டது. இன்றைக்கும் யாரைக் கண்டாலும் தலையாட்டுகிறது.

போன மாதம், பிள்ளைகளெல்லாம் கலைந்து போன பிறகு, தெய்வானை அக்காவிடம் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தத் தெருவில் முத்திருளன் இடத்தில் நான் இருந்திருந்தால், முதல் சீட்டை எனக்குக் கொடுத்திருப்பீர்களா?"