தமுக்கின் கடைசி அடி

முன்னொரு காலத்தில் புன்னைவள நாட்டைக் கோதண்டவர்மர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். பாட்டு எழுதாத நேரங்களில் ஆண்டு வந்தார் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். ஒரு நாள் பாட்டின் முதல் வரி அவருக்குப் பிரமாதமாக வந்து விழுந்தது. இரண்டாம் வரி தொண்டைவரை வந்த சமயம், கீழே அரண்மனை வீதியில் "மோரே... மோரு" என்று ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். வந்த வரி வந்த வழியே திரும்பிவிட்டது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டம் எழுதும் அதிகாரி உலகளந்தானைக் கூப்பிட்டார். இந்த உலகளந்தான் இருக்கிறானே, மந்திரி ஆவுடைநாயகத்தின் ஆசனத்தின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவன். மந்திரிக்கு வேண்டியவர்கள் யாராவது வழுக்கி விழுந்தால் அவனுக்கு அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். அவன் உட்கார்ந்த இடத்திலேயே சட்டத்தை எழுதி நீட்டினான். அரண்மனை வீதியில் யாரும் எந்தச் சத்தமும் எழுப்பக் கூடாது. மீறினால் நாடு கடத்தல். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

"இருமல் வந்தால்?" என்று கேட்டார் மந்திரி.

"அடுத்த வீதிக்குப் போய் இருமிக்கொள்ளட்டும்" என்றான் உலகளந்தான். ராஜா தலையாட்டிவிட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆணையோ தண்டனையோ, அரண்மனை வீதியில் தமுக்கு அடித்துச் சொன்ன பிறகுதான் செல்லும். சொல்லத் தொடங்கும்போது ஓர் அடி, சொல்லி முடித்ததும் ஓர் அடி. தமுக்கடிக்கும் வீரணனை அந்த வேலைக்கு அமர்த்தியவர் மந்திரிதான். வீரணன் போனான், அடித்தான், ஒரு சொல் விடாமல் சட்டத்தைச் சொன்னான், வழக்கப்படி முடிப்பு அடியையும் அடித்தான். அடுத்த நொடி காவலர்கள் அவன் கையைப் பிடித்துவிட்டார்கள்.

சபையில் உலகளந்தான் வெகு நிதானமாக விளக்கினான். வீரணனின் வாயிலிருந்து கடைசிச் சொல் வந்ததும் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு விழுந்த அடி குற்றமாம். தெரியாது என்றும் அவன் சொல்ல முடியாது, சொன்னவனே அவன்தானே என்றான். சபையில் சிலர் இந்த நியாயத்தை மெச்சிக்கொண்டார்கள்.

வீரணன் கைகட்டி நின்றான். "சொல்லச் சொன்னதைத்தானே மகாராஜா சொன்னேன். வீட்டுக்காரிக்கு நிறைமாசம். இந்த நேரத்துல அவளைக் கூட்டிக்கிட்டு எந்த நாட்டுக்குப் போவேன்?"

ராஜாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்ட சட்டத்தை அன்றைக்கே தளர்த்தினால் ஊர் சிரிக்குமே என்ற வீம்பு விடவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி நாடு கடத்தலை உறுதி செய்தார்.

வலை தனக்கு விரித்தது, மாட்டிக்கொண்டவன் வீரணன் என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். சட்டத்தோடு முட்டினால் ராஜாவின் வீம்பு கூடும் என்பதும் தெரியும். அதனால் எழுந்து நின்று தீர்ப்பை வாயாரப் புகழ்ந்தார். உலகளந்தானுக்கே அது கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

"ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி மகாராஜா. தண்டனையைத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாத தண்டனை செல்லாது" என்றார்.

வேறு தமுக்கடிப்பவர்களைக் கூப்பிட ஆள் போயிற்று. ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். இன்னொருவனுக்கு மணிக்கட்டில் சுளுக்கு. மற்றவர்கள் மாமியார் ஊருக்குப் போயிருந்தார்கள். ராஜாவின் முகம் சிவப்பதைப் பார்த்த மந்திரி, சட்டத்தின் அருமை தெரிந்தவர் இந்தச் சபையில் ஒருவர்கூட இல்லையா என்று பெருமூச்சு விட்டார்.

உலகளந்தானுக்கு மார்பு விரிந்தது. "நான் இருக்கும்போது என்ன குறை?" என்று தமுக்கை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கினான். தொடக்க அடியை ஓங்கி அடித்தான். தண்டனையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் காவலர்கள் அவனையும் பிடித்துவிட்டார்கள். யார் அடித்தாலும் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று அவர்களைப் பழக்கியவனே அவன்தான்.

உலகளந்தான் வியர்த்து வழியச் சபைக்குத் திரும்பினான். ராஜா அவனையும் பார்த்தார், மந்திரியையும் பார்த்தார். "இப்போது என்ன செய்வது?"

"இவருக்கும் நாடு கடத்தல்தான் மகாராஜா. ஆனால் வீரணன் தண்டனையும் இன்னும் சொல்லப்படவில்லை, இவருடையதும் சொல்லப்படவில்லை. அடுத்து நான் போகிறேன். என்னைப் பிடிப்பார்கள். பிறகு சேனாதிபதி போவார், அவரையும் பிடிப்பார்கள். இப்படியே எல்லாரும் முடிந்ததும் தமுக்கடிக்க மிஞ்சுவது..." மந்திரி அதோடு நிறுத்திக்கொண்டு பணிவாகத் தரையைப் பார்த்தார்.

ராஜா மோவாயைத் தடவினார். தன் கழுத்தில் தமுக்கு தொங்குவதை நினைத்துப் பார்த்திருப்பார் போலும், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். அந்தச் சட்டத்தை அப்போதே ரத்து செய்யச் சொன்னார்.

"ரத்தையும் அடித்துத்தானே சொல்ல வேண்டும் மகாராஜா? சொல்லி முடிக்கும்வரை சட்டம் உயிரோடு இருக்கிறதே" என்று இழுத்தார் மந்திரி.

"ஏற்கெனவே மாட்டியவன் ஒருவன் இருக்கிறானே. இவனே அடிக்கட்டும். சொல்லி முடிக்கும்வரை காவலர்களும் இவன் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கட்டும்" என்றார் ராஜா.

அப்படியே நடந்தது. இரண்டு பக்கமும் காவலர்கள் பிடித்திருக்க, உலகளந்தான் ஓர் அடி அடித்து, தான் எழுதிய சட்டம் ரத்து என்று தன் வாயாலேயே சொன்னான். கூட்டத்தில் நின்ற மோர்க்காரி, "இந்தக் குரலுக்கு மோரே விக்காது" என்றாள். முடிப்பு அடி அடிக்க உலகளந்தானுக்குக் கை எழவில்லை. வேலையும் அதோடு போயிற்று. சட்டம் எழுதும் பொறுப்பு மந்திரியின் கைக்கு வந்தது.

வீரணன் முன்னால் வந்து தமுக்கைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். காவலர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவன் அடித்த முடிப்பு அடி ஊர் எல்லைவரை கேட்டது.

மாடத்தில் ராஜாவுக்கு அப்போதுதான் இரண்டாம் வரி வந்துகொண்டிருந்தது. அதுவும் ஓடிப்போயிற்று. எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, மோர்க்காரியைக் கூப்பிடச் சொன்னார்.