ஏழு கறுப்பு, பதினொரு நீலம்

"மேடம், இது வேலை செய்யுதா, இல்லையா?"

கேட்டவள் சகாயமேரி. மும்முறை தாண்டுதல் வீராங்கனை. வயது முப்பத்தொன்று. வலது குதிகாலுக்கு மேலே தசைநாண் வீங்கியிருந்தது.

தேசிய அணித் தேர்வுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. பதின்மூன்று மீட்டர் முப்பது தாண்டினால் அணியில் இடம். அடுத்த தேர்வு நான்கு ஆண்டு கழித்து. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து.

ரஹீமா அந்த விளையாட்டு விடுதியின் பிசியோ. சகாயமேரியைவிட மூன்று வயது இளையவள்.

வீங்கிய இடத்தில் கறுப்புப் பேனாவால் ஏழு புள்ளி வைத்தாள். இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். லேசர் முனையை முதல் புள்ளியில் வைத்தாள்.

"சுடலையே."

"சுடாது, அக்கா."

"ஊசி குத்துற மாதிரியும் இல்ல."

"இருக்காது."

"டிவி ரிமோட்டைக் கால்ல வச்ச மாதிரி இருக்கு. சேனலாவது மாறுமா?"

ரஹீமா சிரித்தாள். ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"நாற்பது நொடி ஆயிடுச்சு, அக்கா" என்று முனையை எடுத்து அடுத்த புள்ளியில் வைத்தாள்.

ஏழு புள்ளிக்கு இருநூற்று எண்பது நொடி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாளன்னிக்கு வாங்க."

"நாளைக்கே வரேனே."

"நாளன்னிக்கு."

"மேடம், கோச் நூறு படி ஏறச் சொன்னா நான் நூற்றிருபது ஏறுவேன். அப்படி ஏறித்தான் இங்க வந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

"வச்சா ஆறுறது நின்னுடும்."

"வெளிச்சம்தானே! அதிலயுமா பத்தியம்?"

ரஹீமா இயந்திரத்தை அணைத்தாள்.

நான்காம் முறை வந்தபோது சகாயமேரி வாசலிலிருந்தே கத்தினாள்.

"மேடம்! காலையில கட்டில்ல இருந்து இறங்கினேன். நொண்டல! பாத்ரூம் வரைக்கும் நொண்டல!"

"நல்லது, அக்கா."

"நல்லதா? பறக்கப் போறேன் பாருங்க!"

ஆறாம் முறை வந்தபோது கத்தவில்லை. வலி குறையாமல் அப்படியே நின்றுவிட்டது. தேர்வுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

ரஹீமா காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். முந்தாநாள் அவள் வைத்த ஏழு கறுப்புப் புள்ளிகள் மங்கியிருந்தன. அவற்றுக்கு இடையே நீலப் புள்ளிகள் இருந்தன. எண்ணினாள். பதினொன்று.

ரஹீமாவிடம் நீலப் பேனா கிடையாது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கிளினிக் உண்டு. அங்கேயும் இதே வெளிச்சம் கிடைக்கும். கேட்ட நேரம் வரைக்கும் கிடைக்கும்.

ரஹீமா காலை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள்.

"இன்னிக்கு லேசர் வேண்டாம். மைதானத்துக்குப் போகலாம்."

"ஓடலாமா?" சகாயமேரி அதற்குள் காலணியைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஓடலாம். தாண்டக் கூடாது. தாண்டுற பலகையை மிதிச்சுட்டு அப்படியே மணல்ல ஓடிடுங்க."

சகாயமேரியின் ஓட்டம் பதினாறு காலடி. பலகையிலிருந்து முப்பத்திரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர் அளந்து, அங்கே ஒரு வெள்ளை டேப் ஒட்டுவாள். அந்த டேப்பிலிருந்துதான் ஓடத் தொடங்குவாள். பதினோரு ஆண்டாக அது மாறியதில்லை.

அன்றும் அளந்து ஒட்டினாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து ஓடினாள். பதினாறாம் காலடி பலகைக்கு முன்னாலேயே விழுந்தது.

"ச்சே! இன்னொரு தடவை."

மறுபடியும் முன்னாலேயே விழுந்தது.

சகாயமேரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் ஓட்டமே போச்சா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அளவு நாடாவை இழுத்தாள். ஒரு முறை அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள்.

"முப்பத்திரண்டு எழுபது! அரை மீட்டர் பின்னால போயிருக்கு! எவ என் மார்க்கைத் தொட்டது?"

"நான்தான்."

"நீங்களா?"

"நிறைய ஓடினா நிறையத் தாண்டலாமே. அதான் அக்காவுக்கு அரை மீட்டர் சேர்த்துக் கொடுத்தேன்."

"பைத்தியமா உங்களுக்கு? ஓட்டம்னா அது ஒரு அளவு, மேடம்! ஒரு சாண் ஏறினாலும்..."

ரஹீமா அவளுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகாயமேரியும் குனிந்து பார்த்தாள்.

தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, குதிகாலைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பதினொன்றும் அழியக் கொஞ்ச நேரமாயிற்று.

"நாளைக்கு வரட்டுமா?" என்றாள். உடனே, "இல்ல, நாளன்னிக்கு" என்றாள்.

"வாங்க, அக்கா."

தேர்வு நாள் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஆறு வாய்ப்பு.

முதல் தாண்டல் பன்னிரண்டு தொண்ணூற்றாறு. இரண்டாவது செல்லாது, சிவப்புக் கொடி. மூன்றாவது பதின்மூன்று பத்தொன்பது.

நான்காவதில் பலகை அதிர்ந்தது. மணல் தெறித்தது. சகாயமேரி எழுந்து திரும்பிப் பார்க்கவே பயந்து நின்றாள்.

அறிவிப்புப் பலகை எண்ணைக் காட்டியது. பதின்மூன்று முப்பத்து நான்கு.

விடுதிப் பெண்கள் கம்பித் தடுப்பில் ஏறி நின்று கூச்சலிட்டார்கள். சகாயமேரி மணலை அள்ளித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். அணியில் இடம் கிடைத்துவிட்டது.

அவளுடைய பயிற்சியாளர் தங்கப்பழம் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

"சகாயம்! இன்னும் ரெண்டு இருக்குடி! மாநில ரெக்கார்டு வெறும் பதின்மூணு ஐம்பத்திரண்டு! காத்து பின்னால இருந்து வருது! இன்னிக்கு விட்டா என்னிக்கு?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கால் சூடாக இருந்தது. வலியே இல்லை. உடம்பு முழுவதும் துடித்தது.

ஐந்தாம் வாய்ப்புக்கு அவள் பெயரை அழைத்தார்கள்.

டேப்பில் போய் நின்றாள். ரஹீமாவைத் தேடினாள். ரஹீமா பார்வையாளர் வரிசையில் யாரிடமோ வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கூட்டம் கைதட்டித் தாளம் போடத் தொடங்கியது.

சகாயமேரி ஒரு காலைப் பின்னால் வைத்தாள். முன்னால் சாய்ந்தாள். பிறகு நிமிர்ந்தாள். குனிந்து, தரையிலிருந்த வெள்ளை டேப்பை உரித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கொடியோடு நின்ற நடுவர் பதறிப்போய் வந்தார்.

"என்னம்மா, தாண்டலையா?"

"பாஸ், சார். இந்த வாய்ப்பு வேண்டாம். அடுத்ததும் பாஸ்."

"கால் வலியா?"

"இல்ல, சார்."

"அப்புறம் என்ன?"

சகாயமேரி சிரித்தாள்.

"நாற்பது நொடி ஆயிடுச்சு, சார்."