வைக்கோல் லாரியின் உச்சியில்

கட்டடங்களுக்கு ஒயரிங் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த இளவழகன், கம்பம் நட்டு மின்கம்பி இழுக்கும் லைன் வேலைக்கு மாறியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். கற்றுக்கொடுத்த மரகதவல்லி அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் நின்றால் இளவழகனுக்கு நாக்குக் குழறும்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், ஒரு வரைபடம் முடிஞ்சுதுன்னு எதை வெச்சுச் சொல்றது?"

"உங்களுது முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சு கம்பியும் இழுத்தாச்சு. நடுவுல ஒரு கம்பத்தையே மிச்சம் பிடிச்சிருக்கேன். ரோட்டுலேர்ந்து கம்பியோட உயரம் மார்கழிக் காலையில அளந்தேன். கச்சிதமா இருந்தது."

"வாங்க, போய்ப் பாப்போம்."

சித்திரை மாதத்து உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. வயல்வெளிச் சாலையில் ஒரு வைக்கோல் லாரி நின்றது. சுமையின் உச்சியில், தாழ்ந்த கிளைகளைத் தூக்கிவிடும் கவைக்கோலோடு மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். லோடு போகும்போது அவர் இடம் அதுதான். மரகதவல்லி அவரை இறங்கச் சொன்னார்.

"அங்க நீங்க ஏறுங்க சார்."

"நானா? லைன்ல கரண்ட் விட்டாச்சா மேடம்?"

"இன்னிக்குத்தானே விடறதா இருந்தது" என்றார் மரகதவல்லி. இளவழகன் தயங்கித் தயங்கி மேலே ஏறினார்.

லாரி கிளம்பியது. தூரத்தில் அவர் போட்ட லைன் தெரிந்தது. ஐயோ, இவ்வளவு கீழேயா? குளிரில் விறைத்து நின்ற கம்பி வெயிலில் நீண்டு, தொய்ந்து தொங்கியது. தாங்கிப் பிடிக்க வேண்டிய கம்பத்தைத்தான் மனுஷன் மிச்சம் பிடித்துவிட்டாரே!

"நிறுத்துப்பா! நிறுத்து!"

டிரைவர் காதில் விழவில்லை. இளவழகன் குப்புறப் படுத்து வைக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டார். முருகனைக் கூப்பிட்டாரா, பெண்டாட்டியைக் கூப்பிட்டாரா, அவருக்கே தெரியாது. முதுகுச் சட்டையை உரசிக்கொண்டு கம்பி போனது. செத்தோம் என்றுதான் நினைத்தார்.

சாகவில்லை.

லாரி நின்றதும் கீழே இறங்கினார்; டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மரகதவல்லியும் மாசிலாமணியும் இறங்கினார்கள். மரகதவல்லி கைப்பையைத் திறந்து காட்டினார். டிரான்ஸ்பார்மரில் இருந்து பிடுங்கிய பியூஸ் கட்டைகள் உள்ளே கிடந்தன.

"உயிரே போயிடுச்சு மேடம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மரகதவல்லி பையை மூடினார்.

அதற்குள் மாசிலாமணி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"சாயங்காலம் கரண்ட் விடறாங்களாமே சார்? நாளைக்கும் இதே வழியாத்தான் லோடு. நான் மேல உக்காந்து வரலாமில்ல? கம்பி இடிச்சா இந்தக் கோலால தூக்கி விட்டுக்கிறேன்."

இளவழகன் மரகதவல்லியைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க? லைன் போட்டவர் நீங்க. அவர் கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டு, வரைபடம் முடிஞ்சுதான்னு சொல்லுங்க."